அலமாரிகளோடு பொந்தியானுக்கு

மலேசியாவின் மூவாரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் சுகுமாறன் சரக்கு ஏற்றுகிறவன். பண்டார் தெங்காரா தோட்டத்தில் செம்பனைக் குலை சுமந்துகொண்டிருந்தவன், வாசுகியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தான். அவன் ஏற்றிய கட்டில்கள் எல்லாம் கப்பலேறிப் போயின. அவன் மட்டும் சரக்கு ஏற்றும் மேடையை விட்டு எங்கும் போனதில்லை.

"ஒங்க அலமாரிக்கெல்லாம் பாஸ்போர்ட் இருக்கு. ஒங்களுக்குத்தான் இல்ல" என்பாள் வாசுகி.

மழைத்துளி விழுந்தால் முதலில் கண்டெய்னர் கதவைச் சாத்து. மற்றதைப் பிறகு பார். அங்கே அதுதான் வழக்கம். அட்டைப்பெட்டி நனைந்தால் சரக்கு திரும்பி வந்துவிடும். கூட வேலை செய்யும் செல்லப்பனுக்கு இதைத் திட்டித் திட்டிப் பழக்கியவனே சுகுமாறன்தான்.

அன்று பாதிச் சரக்குதான். மீதியைத் தெற்கே பொந்தியான் ஊரில் ஏற்ற வேண்டும். கண்டெய்னருக்குள் உயரமான அலமாரிப் பெட்டிகளை முன்பக்கச் சுவரோடு அடுக்கிவிட்டு, கயிற்றின் ஒரு முனையைப் பக்கச் சுவர் வளையத்தில் முடிந்தான் சுகுமாறன். மறுமுனை கையில் இருந்தபோது மழை கொட்டியது. செல்லப்பன் உள்ளே பார்க்காமலே கதவைச் சாத்திவிட்டு டீ குடிக்க ஓடினான். டிரைவர் வசந்தன் நனைந்துகொண்டே வந்தான். கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துத் தாழ்ப்பாளைப் பூட்டி லோரியை எடுத்துவிட்டான்.

சுகுமாறன் கதவில் அடித்தான். தகரக்கூரையில் விழுந்த மழைச் சத்தத்தில் அவன் அடித்தது அவனுக்கே கேட்கவில்லை. போன் வெளியே, மேடைமேல் கிடந்தது.

முதல் சமிக்ஞை விளக்குச் சந்தியில் நின்று லோரி மீண்டும் கிளம்பியபோது இருட்டுக்குள் ஏதோ முனகியது. லோரி முன்னே போக, அலமாரிகள் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்த்தன. மொத்த அடுக்கும் அவன்மேல் சாய்ந்தது. அவன் முதுகு கதவில் ஒட்டிக்கொண்டது. இரண்டு கைகளாலும் தாங்கினான். வேகம் ஒரு நிலைக்கு வந்ததும் அடுக்கு தானாக நிமிர்ந்தது.

"ஐயோ, அலமாக்" என்றான், தனக்குத்தானே.

இன்னும் வேகமாகக் கிளம்பினால் பெட்டிகள் அவனை நசுக்கிவிடும். பொந்தியான் வரை எத்தனை சந்திகள் வரும் என்று எண்ணிப் பார்த்தான்.

லோரி சீராக ஓடும்போது உள்ளே எதுவும் அசையவில்லை. கண்ணை மூடினால் வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. கிளம்பும்போதும் நிற்கும்போதும்தான் ஆபத்து. கயிற்றின் மறுமுனையைத் தடவி எடுத்து எதிர்ச்சுவர் வளையத்துக்குள் நுழைத்தான். இழுத்தான், அடுக்கு வளைந்து கொடுக்கவில்லை. அவன் பலம் அதற்குப் போதவில்லை.

அப்போது வசந்தன் பிரேக் போட்டான். லோரி தயங்கியது, பெட்டிகள் தயங்கவில்லை. தடதடவென்று முன்சுவரில் போய் ஒட்டின. சுகுமாறனும் அவற்றின்மேல் போய் மோதினான். உதடு கிழிந்தது. கையில் கயிறு தொளதொளத்தது. லோரி மறுபடி கிளம்புவதற்குள் சுருட்டி இழுத்து முடிச்சுப் போட்டான்.

கிளம்பியது. அடுக்கு பின்னால் வந்து கயிற்றில் முட்டி நின்றது. முடிச்சு கொஞ்சம் நெகிழ்ந்தது. அடுத்த பிரேக்கில் மறுபடி இறுக்கினான். அதற்கடுத்ததிலும். பிறகு முடிச்சை நம்பாமல் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். அடியில் எஞ்சின் சீராக அதிர்ந்துகொண்டிருந்தது. அடுத்த சந்திக்காகக் காத்திருந்தான். கை மரத்துப்போனது. சந்தி வரவே இல்லை.

திடீரென்று கதவு திறந்தது. அவன் மல்லாக்க விழப் பார்த்தான், கயிறு தாங்கியது. வெளிச்சத்தில் வசந்தன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"அண்ணே! நீங்க எப்படி உள்ள?"

"பிரேக் போடாத" என்றான் சுகுமாறன். "மெதுவா நிறுத்து."

"வண்டி எப்பவோ நின்னுருச்சுண்ணே. பொந்தியான்லதான் இருக்கோம். எஞ்சின ஓடவிட்டுட்டு, சாப்பிட்டுட்டு வரேன் நான்."

சுகுமாறன் அவனை நம்பாமல் பார்த்தான். வசந்தன் மேலே ஏறி அவன் மணிக்கட்டிலிருந்த கயிற்றைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தான்.

"விடுங்கண்ணே, விடுங்க."

கயிறு போய்விட்டது. விரல்கள் மட்டும் மூடியபடியே இருந்தன.