மூடிக்கு அடியில் பத்துக் கையெழுத்து

"பாத்துக்கோங்க, ஒண்ணுமில்ல," என்று மூடியைத் திறந்து காட்டுகிறார் ஜெராக்ஸ் அக்கா. நகல் மெஷினின் கண்ணாடி காலியாகத்தான் இருக்கிறது. எதிரே நிற்கும் மருந்துக்கடைக்காரர் தன் சான்றிதழையும் அதன் இரண்டு நகல்களையும் ஏற்கெனவே கையில் வாங்கியாயிற்று. ஆனாலும் அவர் எட்டிப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் அடுத்தவரின் தாளை அக்கா தொடமாட்டார். ஒருமுறை நான் அவசரத்தில் பார்க்காமல் திரும்பியபோது, "தம்பி, கண்ணு எங்க இருக்கு?" என்று கூப்பிட்டு நிறுத்தினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காலிக் கண்ணாடியில் பார்க்க என்னதான் இருக்கிறது?

கடை தேர்தல் அலுவலகத்தின் மதில் சுவரை ஒட்டி இருக்கிறது. நான்கு பேர் நின்றால் ஐந்தாமவர் வெயிலில் நிற்க வேண்டியதுதான். இரண்டு நகல் மெஷின்கள், ஒரு லேமினேஷன் மெஷின், எழுத்துகள் தேய்ந்துபோன விசைப்பலகையோடு ஒரு கம்ப்யூட்டர். இருக்கிற ஒரே மேசை விசிறியும் மெஷினைப் பார்த்துத்தான் சுற்றுகிறது. "எனக்கு வேர்த்தா துடைச்சுக்குவேன். அதுக்குச் சூடு ஏறினா பேப்பர் மாட்டிக்கும்," என்பது அக்காவின் நியாயம். வயது ஐம்பத்தைந்து. மூக்கு நுனியில் கண்ணாடி, காதில் பேனா, ஆள்காட்டி விரலில் ரப்பர் உறை. வாய் மட்டும் மெஷினைவிட வேகம்.

எங்கள் புறநகர்ச் சட்டமன்றத் தொகுதியின் தேர்தல் வரலாற்றை எழுதித் தரும்படி வார இதழ் ஆசிரியர் கேட்டிருந்தார். அலுவலகத்தில் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். ஆண்டு, வென்றவர், வாக்கு, வித்தியாசம். ஒன்பது தேர்தலும் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டன. அதை நகல் எடுக்க வந்த இடத்தில்தான் அக்காவிடம் மாட்டிக்கொண்டேன். பட்டியலை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுல ஆளுங்க எங்க தம்பி இருக்காங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து பத்து நாள் அந்தக் கடையே கதி என்று கிடந்தேன்.

முதல் நான்கு தேர்தல்களும் அக்காவுக்குச் செவிவழிச் செய்தி. மீதி ஐந்தையும் கல்லாவுக்குப் பின்னாலிருந்து கண்ணால் பார்த்தவர். தொகுதி பிறந்தபோது இங்கே செங்கல் சூளைகளும் காலி மனைகளும்தான். முதலில் ஜெயித்த ஆலைத் தொழிற்சங்கக்காரர் சைக்கிளிலேயே மொத்த வாக்காளர்களையும் பார்த்து முடித்துவிட்டாராம். இன்று ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் அன்றைய தொகுதி முழுக்கக் குடியிருக்கிறது. "அப்ப வேட்பாளர் வீடு தேடி வருவார். இப்ப வாட்ச்மேன் உள்ள விடமாட்டேங்கறான்," என்கிறார் அக்கா.

சொந்த வாழ்க்கையையும் அவர் தேர்தல் கணக்கில்தான் வைத்திருக்கிறார். "டாக்டரம்மா ஜெயிச்ச வருஷம் எனக்குக் கல்யாணம். பஸ் முதலாளி பொண்ணு தோத்த வருஷம் என் பையன் பத்தாவது ஃபெயிலு. அடுத்த தடவை ரெண்டு பேரும் பாஸ்." ஆண்டு சொல்லுங்கள் என்றால் விழிப்பார். யார் எத்தனை ஓட்டில் தோற்றார் என்று கேளுங்கள், மூச்சு விடாமல் ஒப்பிப்பார்.

வேட்பாளர்களை எடைபோட அவரிடம் சொந்தமாக ஓர் அளவுகோல் உண்டு. எல்லாரும் வேட்புமனுவை நகல் எடுக்க இங்கேதான் வந்தாக வேண்டும். "ஃபைலைத் தூக்கி என்கிட்ட போட்டுட்டு போன்ல பேசிட்டே திரியறவர் ஜெயிச்சுடுவார். பேப்பரை ஒவ்வொண்ணா படிச்சுப் பாக்கறவர் ஜெயிச்சு நான் பாத்ததில்ல." இது நல்லதற்கா கெட்டதற்கா என்று கேட்டேன். "நான் ஜெராக்ஸ் எடுக்கறவ. நல்லது கெட்டதெல்லாம் நீங்க எழுதுங்க," என்று கழன்றுகொண்டார்.

ரயில்வே கேட்டுக்கு மேலே பாலம் கட்டித் தருவோம் என்ற வாக்குறுதி இரண்டாவது தேர்தலிலேயே வந்துவிட்டது. கடை திறந்ததிலிருந்து ஒவ்வொரு கட்சியின் துண்டுப்பிரசுரத்தையும் தட்டச்சு செய்து கொடுத்தவர் அக்கா. பாலத்து வரியை மட்டும் அவர் ஒருமுறை அடித்து வைத்து, கட்சிக்குக் கட்சி அப்படியே எடுத்து ஒட்டிவிடுவார். கடைசியில் எட்டாவது தேர்தலுக்குப் பிறகு பாலம் வந்தேவிட்டது. அதற்குள் தொகுதியின் எல்லையை மாற்றி வரைந்துவிட்டார்கள். "இந்தத் தொகுதியில ஏறலாம். இறங்கணும்னா அடுத்த எம்.எல்.ஏ.," என்று சொல்லி அக்கா தானே சிரித்துக்கொண்டார்.

இப்படி எல்லாத் தேர்தலையும் அவிழ்த்துக் கொட்டியவர், ஐந்தாவதை மட்டும் தொடவே இல்லை. பட்டியலில் அந்த வரியில்தான் என் கண் நின்றது. பஸ் முதலாளி வெற்றி, டாக்டரம்மா தோல்வி, வித்தியாசம் நூற்றுப் பதினெட்டு. கீழே பொடி எழுத்தில் 'ஒரு மனு தள்ளுபடி' என்று ஒரு குறிப்பு. யாருடைய மனு என்று கேட்டேன். அக்கா துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளவென்று இருந்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். "அதை விடுங்க தம்பி. அதுல ஒண்ணும் சுவாரசியம் இல்ல."

நான் விடாக்கண்டன். மூன்று நாள் அதையே கேட்டேன். மூன்றாம் நாள் மத்தியானம், கடையில் ஈ காக்கை இல்லாத நேரத்தில், அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கடை திறந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்ததாம். மனுத்தாக்கலின் கடைசி நாள். மூன்று மணியோடு சரி. இரண்டே முக்காலுக்கு ஓர் இளைஞர் ஃபைலோடு ஓடி வந்தார். சுயேச்சையாக நின்ற டிரைவிங் ஸ்கூல்காரரின் மைத்துனர். மனு, சொத்து விவரம், முன்மொழிபவர்கள் பத்துப் பேர் கையெழுத்திட்ட தாள் எல்லாவற்றுக்கும் அக்கா நகல் எடுத்தார், அடுக்கினார், கொடுத்தார். அந்த இளைஞர் ஃபைலைப் பிரிக்கவே இல்லை, அப்படியே மதிலைச் சுற்றிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். நான்கு மணிக்கு வேறு யாரோ ஒரு ரசீதை நீட்டியபோது அக்கா மூடியைத் திறந்தார். பத்துக் கையெழுத்தும் இருந்த அசல் தாள் கண்ணாடிமேல் குப்புறப் படுத்திருந்தது.

"ஓடினேன் தம்பி. செருப்புகூடப் போடல. கேட்டைச் சாத்திட்டாங்க. நாளும் முடிஞ்சுது, நேரமும் முடிஞ்சுதுன்னுட்டார் காவலுக்கு நின்னவர்." மறுநாள் பரிசீலனையில், அசல் கையெழுத்துத் தாள் இல்லை என்று மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொன்னா அப்புறம் என்னை நம்பி யாரு பேப்பர் குடுப்பா? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ரிசல்ட் வந்துடுச்சு. நூத்திப் பதினெட்டு. அவர்கிட்ட வண்டி ஓட்டக் கத்துக்கிட்டவங்க மட்டுமே ஆயிரம் பேர் இருப்பாங்க. அவர் நின்னிருந்தா யார் ஓட்டைப் பிரிச்சிருப்பாரோ, யார் ஜெயிச்சிருப்பாரோ. எனக்குத் தெரியல. ஆனா அது ரொம்பச் சின்ன நம்பர் தம்பி. அதைக் கேட்டதும் வாய் அடைச்சுப்போச்சு."

இந்த விஷயத்தில் அடிபட்டவர் வேறு ஒருவர். தாளைத் தொலைத்தது மைத்துனர்தான் என்று டிரைவிங் ஸ்கூல்காரர் முடிவு கட்டிவிட்டார். அன்றோடு பேச்சுவார்த்தை இல்லை. மைத்துனர் அக்கா கடைக்கு எதிர்ச்சாரியில் தனியாக ஒரு டிரைவிங் ஸ்கூல் திறந்தார். இருபத்தைந்து வருடமாக இரண்டு பேருடைய பயிற்சிக் கார்களும் ஒரே சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கின்றன, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

அக்கா மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்து ஒரு தாளைக் காட்டினார். லேமினேட் செய்திருந்தார். "கெட்டுப்போகக் கூடாதுல்ல," என்றார். சிரிக்கப் போனவன் அடக்கிக்கொண்டேன். இதை எழுதமாட்டேன் என்று அன்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த வாக்கிலிருந்து அக்காவே என்னை விடுவித்துவிட்டார். பத்தாவது தேர்தலின் மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள், இரண்டு மணி சுமார். கடை முன்னால் எட்டு பேர் வரிசை. டிரைவிங் ஸ்கூல்காரர் வந்தார். இப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. வாழ்நாளெல்லாம் கற்றுக்குட்டிகளின் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் அழுத்தியே பழகியவர் என்பதால், யாராவது வேகமாகப் பேசினால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அன்று மனுஷன் நல்ல குஷியில் இருந்தார். மனுவைக் கொடுத்தாயிற்று, ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்கியாயிற்று. அதற்கு ஒரு நகல் வேண்டும்.

"இந்தத் தடவை ஃபைலை ஒரு பயகிட்டயும் குடுக்கல தங்கச்சி. நானே தூக்கிட்டு வந்தேன். அன்னிக்கும் அப்படிச் செஞ்சிருக்கணும். அந்தத் துரோகி பஸ் முதலாளிகிட்ட விலை போயிட்டான்."

அக்கா சீட்டை நகல் எடுத்தார்.

"இப்ப அவன் பொண்ணுக்குக் கல்யாணமாம், அடுத்த வாரம். என் வீட்டுக்காரி போகணும்னு நிக்கறா. கூடப் பொறந்தவனாச்சே. போறதுன்னா அப்படியே போயிடுன்னு சொல்லிட்டேன்."

அக்காவின் கை பாதியில் நின்றது. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கடைசி இழுப்பறையைத் திறந்தார்.

"அண்ணே, இதைப் பாருங்க. அன்னிக்கு இது என் மெஷின்ல தங்கிப்போச்சு. நான்தான் எடுத்துக் குடுக்காம விட்டுட்டேன். நாலு மணிக்குப் பாத்தேன். உங்க மச்சான் தொலைக்கல, விலையும் போகல."

கடகடவென்று ஒரே மூச்சில் சொன்னார். டிரைவிங் ஸ்கூல்காரரின் வலது கால் தரையை அழுத்தியது. அழுத்தியபடியே நின்றது. தாளை வாங்கி, ஒவ்வொரு பெயராக விரல் வைத்து இறங்கினார். "இதுல மூணு பேர் இப்ப இல்ல," என்றார். பிறகு விரல் திரும்ப மேலே போய் முதல் கையெழுத்தில் நின்றது. அது மைத்துனருடையது.

"சத்தியம் பண்ணினான்மா. ஃபைலைத் திறக்கவே இல்லன்னு அழுதான். வெளிய போடான்னேன்."

"அவர் திறக்கலண்ணே. தப்பு என்னோடது."

"இத்தனை வருஷமா இதே கடைக்குத்தானே வர்றேன். ஒரு நாளாவது சொல்லத் தோணலயா?"

"தினம் தோணுச்சு. பயம்ணே. வேற காரணம் எதுவும் இல்ல."

"இனிமே உன் கடை வாசலை மிதிக்கமாட்டேன்," என்றார் அவர். "சரிண்ணே," என்றார் அக்கா. அதற்குமேல் அவர் திட்டியிருந்தாலும் அக்கா கேட்டுக்கொண்டுதான் நின்றிருப்பார். ஆனால் அவர் திட்டவும் இல்லை, நகரவும் இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே மைத்துனர், தலையில் பாதி நரைத்த மனிதர், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் போய் எந்த மூஞ்சியோட நிக்கறது?" டிரைவிங் ஸ்கூல்காரரின் குரல் அடங்கிப்போயிருந்தது. "என்னன்னு சொல்றது?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். சொல்ல வேண்டியவ நான்."

அக்கா விரலிலிருந்த ரப்பர் உறையைக் கழற்றி வைத்தார். "தம்பி, இவங்களுக்கெல்லாம் எடுத்துக் குடுங்க," என்று என்னை உள்ளே தள்ளிவிட்டு, குறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். எனக்கு மெஷினில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்றுகூடத் தெரியாது. வரிசை என்னைப் பார்த்தது, நான் வரிசையைப் பார்த்தேன்.

தாளை டிரைவிங் ஸ்கூல்காரர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அக்கா விறுவிறுவென்று சாலையில் இறங்கினார். மனுத்தாக்கல் நாள் நெரிசல் வேறு. பாதித் தூரம் போனவர் திரும்பிப் பார்த்தார். ஆயிரம் பேருக்குச் சாலையில் தைரியம் சொல்லிக்கொடுத்தவர் ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அக்கா நடுச்சாலையில் நின்று வலது கையை உயர்த்தினார். ஒரு லாரி நின்றது, அதன் பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் வரிசையாகக் கார்கள். ஹாரன் காதைக் கிழித்தது. அந்தப் பக்கம் மைத்துனர் துணியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார். அக்கா யாரையும் சட்டை செய்யவில்லை. டிரைவிங் ஸ்கூல்காரர் முதல் அடியை எடுத்து வைக்கும்வரை, உயர்த்திய கையை இறக்கவே இல்லை.