மதியத்துப் பூஜ்யம்

வீரமலையின் கைகள் மாத்திரை வேளை அச்சடித்த தாள்களைப் பிளாஸ்டிக் உறைகளில் செருகிக்கொண்டிருந்தன. முதியவர்களின் வீடுகளுக்குப் பராமரிப்பு ஆட்களை அனுப்பும் எங்கள் தில்லைநகர் அலுவலகத்தில் அது அவர் வேலை அல்ல. அவர் கணினி பார்ப்பவர். ஆனால் சும்மா இருந்தால் நகம் கடிப்பார்; அதற்கு இது மேல் என்று தலைமை நர்ஸான நான்தான் கொடுத்தேன்.

வையம்பட்டிக்காரர், முப்பத்தெட்டு வயது. பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்குவார். மறுபடி ஏறி வந்து இன்னொரு முறை இழுப்பார். அப்படிப்பட்டவரிடம்தான் இது நடந்தது.

கை நின்றது. "சிஸ்டர், டாக்டருங்க ஒன்னு-ஒன்னுன்னு எழுதுவாங்களா?"

"மாட்டாங்க. காலை, மதியம், ராத்திரின்னு மூணு நம்பர் இருக்கணும். ஒன்னு-பூஜ்யம்-ஒன்னுன்னா மதியம் கிடையாது."

அவர் தாளை என் பக்கம் திருப்பினார். சர்க்கரை மாத்திரை, 1-1. குமுதவல்லி, எழுபத்தாறு வயது, ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதி.

அன்றுதான் அவருடைய புதிய இணையப் படிவத்தின் முதல் நாள். பெயர், வயது, போன் நம்பர் போன்ற கட்டங்களைச் சரிபார்க்க அவர் பயன்படுத்தும் ஃபிரேம்வொர்க் என்ற ஆயத்த மென்பொருளிலேயே வழி உண்டு. மூன்று வேளையையும் சேர்த்து வாங்கும் கட்டம் அதில் இல்லை. அதை அவரே எழுதினார். அதற்கான சரிபார்ப்பையும் அவரே எழுதினார். காலியாக விட்ட வேளையைத் தள்ளிவிடு என்று எழுதியிருந்தார். கணினி பூஜ்யத்தையும் காலி என்று எடுத்துக்கொண்டு தள்ளிவிட்டது. மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்த்து உள்ளே விட்டது. மூன்று இருக்கிறதா என்று கேட்கவில்லை. அவர் சோதித்தபோது அடித்ததெல்லாம் ஒன்று-ஒன்று-ஒன்று.

அலுவலகப் பிரதிதான் எங்கள் கையில் இருந்தது. மற்றொன்று காலையிலேயே வீடுகளுக்குப் போய்விட்டது. மணி பன்னிரண்டு நாற்பது. இரண்டாவது ஒன்றை மதியம் என்று எடுத்துக்கொண்டால், ஒரு மணிக்கு வேண்டாத மாத்திரை உள்ளே போய்விடும்.

பூஜ்யம் உள்ளவை ஒன்பது வீடுகள். எட்டுப் பேரைப் போனில் பிடித்தோம். குமுதவல்லி வீட்டில் இருந்த ரிஃபானா எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போன் பைக்குள் இருக்க வேண்டும் என்பது என் சட்டம். அந்த அம்மாளிடம் செல்போன் கிடையாது.

"கிளம்பு" என்றேன். குளுக்கோமீட்டர் பையோடு அவர் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினேன். காவிரிப் பாலத்தில் பஸ்களுக்கு நடுவே ஊர்ந்தோம்.

"ஏதாச்சும் ஆயிருக்குமா, சிஸ்டர்?"

"ரோட்டைப் பாரு."

"அந்தம்மா சாப்பிட்டிருப்பாங்கல்ல?"

"இன்னைக்கு ஏகாதசி" என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே நினைவு வந்தது. ஏகாதசியன்று அந்த அம்மாள் சோறு தொடமாட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றே முக்கால். ரிஃபானா கதவைத் திறந்தாள். "ஒரு மணிக்குக் கொடுத்துட்டேனே, சிஸ்டர். தாள்ல இருந்துச்சு."

குமுதவல்லி நாற்காலியில் இருந்தார். நெற்றி வியர்த்திருந்தது, விரல் நடுங்கியது. ரத்தத்தில் சர்க்கரை அறுபத்திரண்டு. காலையில் குடித்தது ஒரு டம்ளர் பால் மட்டும். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து நீட்டினேன்.

"பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணாம நான் எதுவும் வாயில விட்டுக்கறதில்லை."

வீரமலை என் கையிலிருந்து டம்ளரை வாங்கி, பெருமாள் படத்தின் முன் வைத்தார். "பண்ணுங்கம்மா. சீக்கிரம்."

குமுதவல்லி கண்மூடி முணுமுணுத்தார். அரை நிமிடம்தான். வீரமலை கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றார். பிறகு அந்த அம்மாள் குடித்தார்.

கால் மணி கழித்து எண்பத்தொன்பது. வாழைப்பழமும் பாலும் கொடுத்தோம். மருத்துவரிடம் போனில் பேசினேன்: இன்றிரவு மாத்திரை வேண்டாம், மணிக்கொருமுறை பாருங்கள், மறுபடி இறங்கினால் உடனே அழைத்து வாருங்கள். மாலை வரை நாங்கள் அங்கேயே இருந்தோம். படிவத்தை வீரமலை அப்போதே போனிலிருந்து நிறுத்தினார். தாள்களைக் கையால் எழுதும்படி அலுவலகத்துக்குச் சொன்னேன்.

"தப்பு என்னோடதும்மா. ரிஃபானா மேல இல்லை" என்றார் வீரமலை.

குமுதவல்லி தாளைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "உங்க கம்ப்யூட்டர்ல ராத்திரியே வராதோ?"

ரிஃபானா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். வீரமலைக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு மணிக்கு நூற்றுப் பன்னிரண்டு வந்த பிறகுதான் சுவரில் சாய்ந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே அலுவலகம் வந்து கட்டத்தைத் திருத்தினார். மூன்று வேளையும் நிரம்பியிருக்க வேண்டும். பூஜ்யமும் ஒரு பதில். காலி என்றால் ஏற்காது. எட்டரைக்கு ரிஃபானாவைக் கணினி முன் உட்கார வைத்தார். "உங்களுக்கு எப்படியெல்லாம் தப்பாத் தோணுதோ அப்படியெல்லாம் அடிங்க."

அவள் மதியத்தைக் காலியாக விட்டாள். ஏற்கவில்லை. காலைக்குப் பதினொன்று அடித்தாள். ஏற்கவில்லை. அரை மாத்திரை அடித்தாள். அதையும் ஏற்கவில்லை.

"அரை வேணும்ப்பா, பாதிப் பேருக்கு அரைதான்" என்றேன். அதையும் சேர்த்தார்.

கடைசியாக 1-0-1. பூஜ்யம் நடுவில் நின்றது. மூன்று முறை அச்சடித்துப் பார்த்துவிட்டு, ஒரு தாளை உறையில் போட்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு உத்தர வீதிக்குக் கிளம்பினார்.