படையலில் மிளகாய்

ஓக்புன் பள்ளிக்கூடச் சமையற்காரி. உப்பு கூடிப்போச்சு என்று ஒருவரும் அவளைச் சொன்னதில்லை. அம்மாவின் முதல் திதிக்கு அம்மாவின் பக்குவத்திலேயே எல்லாம் சமைத்தாள்.

அவர்கள் ஊர் வழக்கப்படி படையலில் மிளகாய் ஆகாது. அந்த நெடிக்கு ஆவி வாசலோடு திரும்பிவிடும். முன்பு அப்பாவின் திதியில் அம்மா கீரையில் மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டபோதுதான் அவளுடைய மறதி நோய் வீட்டுக்கே தெரிந்தது.

படையல் மேசையில் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்த தம்பி கியூச்சொல் நின்றுவிட்டான்.

"அக்கா, கீரை ஏன் செவப்பா இருக்கு?"

"அம்மாவ உள்ள வரவிடாம யாரோ பண்ணின வேலை."

"சமையக்கட்டுல உன்னை விட்டா யாரு இருந்தா?"

ஓக்புன் தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் சிவப்பு.

"நான் போடலையே."

அன்றைக்கு அம்மாவும் இதையேதான் சொன்னாள். கியூச்சொல் போய், சும்மா எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்தான்.