வாசலுக்கு இழுத்த நாற்காலி

பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற அறையில் எனக்கும் என் கூட்டாளிக்கும் எதிரெதிர்க் கதவு. தீப்பிடித்தால் அவரவர் கதவு வழியாக ஓட வேண்டும். அதனால் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவோம். முதுகும் முதுகுமாகப் பதினோரு வருடம். நான் பேசுவேன், அவன் ‘ம்’ போடுவான். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது, வாய் மட்டும் நிற்கவில்லை. சாயங்காலம் அலுமினியப் பொடி அப்பி, இரண்டு வெள்ளிச் சிலைகளாக டீக்கடைக்கு நடப்போம். அந்த நடையை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

ஒருநாள் பக்கத்து அறை வெடித்தது. நாங்கள் ஆளுக்கொரு கதவாக ஓடித் தப்பினோம். அந்த அறையில் இருந்தவர்கள் தப்பவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கம்பெனியைத் திறந்தார்கள். கூட்டாளி வேலைக்குப் போய்விட்டான். நான் தினமும் கேட் வரை போய்த் திரும்பினேன். ஒருநாள் வயிற்றுவலி என்றேன். மறுநாள் செருப்பு அறுந்துவிட்டது என்றேன். மருந்தறைக்குள் யாரும் செருப்பே போடுவதில்லை என்பது வாட்ச்மேனுக்கும் தெரியும்.

எங்கள் ஊர் அச்சங்குளத்தில் வியாழக்கிழமைதோறும், விபத்தில் தப்பியவர்களிடம் பேச ஒரு கவுன்சிலிங் அம்மா வந்து உட்கார்ந்தார். அங்கே போனால் பைத்தியப் பட்டம்தான் என்று ஊரெல்லாம் கிளப்பிவிட்டவன் நான். முதல் ஆளாகப் போனவன் என் கூட்டாளி. ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தான்.

“அம்புட்டு நேரம் என்னலே பேசுன?”

“நீ எங்க பேச விட்ட? நீயும் போ. அங்கன அளுதா ஒண்ணும் சொல்ல மாட்டாக.”

அழுகிற ஆளா நான், சிரிக்க வைத்துவிட்டு வருகிறேன் என்று போனேன். சிரிக்க வைக்கவும் செய்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்த அம்மா கேட்டார்: “எல்லாஞ் சரி. வந்ததும் நாற்காலிய ஏன் வாசலுக்கு இளுத்துப் போட்டீக?”

இழுத்ததே எனக்குத் தெரியாது. என் கால் வெளியே இருந்தது, முகம் தெருவைப் பார்த்திருந்தது. அதுவரை சொன்ன சிரிப்புக் கதையையெல்லாம் தோளுக்கு மேல் திரும்பித்தான் சொல்லியிருக்கிறேன்.

“ஓடும்போது நான் திரும்பியே பாக்கலம்மா. அவன் வந்தானான்னு பாக்கல.”

அவர் தண்ணீர் கொடுத்தார். அடுத்த வியாழன் போனபோது நாற்காலி முதலிலேயே வாசலில் கிடந்தது.

நாலைந்து வியாழன் கழித்து, டீக்கடையில் வைத்துக் கூட்டாளியிடம் திரும்பிப் பார்க்காமல் ஓடினதைச் சொன்னேன். அவன் கிளாஸைக் கீழே வைத்தான்.

“நானுந்தாம்லே பாக்கல. அதத்தான் ஒரு மணி நேரம் சொன்னேன்.”

மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து கேட்டைத் தாண்டினோம். செருப்பைத் தைத்தாயிற்றா என்று வாட்ச்மேன் கேட்டார்.