வரியில்லாக் கட்டடமும் தம்பலகாமத்து வயலும்

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நாலு பேருக்கு நடுவே கதைக்கவே கூச்சப்படுகிறவன் எழுத வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சண்டை சற்று ஓய்ந்திருந்த காலம் அது. பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கட்டடம் வாங்கித் திருத்தித் தொழில் தொடங்குகிறவர்களுக்குச் சில வருடங்கள் வருமான வரி இல்லை என்று அறிவித்திருந்தார்கள். கொழும்பில் வியாபாரம் செய்த என் மனைவியின் அண்ணன் அந்தப் பத்திரிகைத் துண்டோடு வந்து இறங்கினார். எங்கள் ஊர்த் துறைமுகப் பக்கம் கூரை போன கட்டடம் ஒன்று மலிவாக விலைக்கு இருந்தது. பாதிப் பணம் அவர் போடுவார். மறுபாதிக்கு நான் தம்பலகாமத்து வயலை விற்கவேண்டும். போகிற பாதையில் என்ன நடக்குமோ என்று பயந்து இரண்டு போகம் விதைக்காமல் கிடந்த வயல்தான்.

ஒரு கிழமையாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலைக்குப் போகையிலும் வருகையிலும் அந்தக் கட்டடத்தின் முன் சைக்கிளை நிறுத்துவேன். இராணுவச் சென்றியில் காவல் நிற்பவன் திரும்பிப் பார்த்ததும் மிதித்துவிடுவேன். மனைவி அரிசி களைந்தபடி ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நாங்கள் எப்ப வரி கட்டினனாங்கள், எங்களுக்கு விட்டுத்தாறதுக்கு?”

அது சரிதான். லாபம் வந்தால்தான் சலுகை. வராவிட்டால் சலுகையும் இல்லை, வயலும் இல்லை. அவருக்காவது கொழும்புக் கடை இருக்கும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்து மறுக்க எனக்கு வாய் வராது.

எங்கள் பக்கத்தில் காணி வாங்குமுன் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார்கள். உப்பென்றால் வேண்டாம் என்று சொல்லலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள். கடற்கரை நிலம்தானே, உப்பாகத்தான் இருக்கும் என்று நம்பி, அவரோடு போனேன். பக்கத்துத் தேநீர்க்கடையில் வாளி வாங்கி, கட்டடத்துக் கிணற்றில் அள்ளிக் குடித்தேன். துளி உப்பும் இல்லை.

கடை வாங்குப் பலகையில் அவர் தேநீரோடு இருந்தார்.

“உப்பு, மச்சான்,” என்றேன்.

கடைக்காரர் நிமிர்ந்தார். “ஐயா குடிக்கிற தேத்தண்ணியும் அந்தக் கிணத்துத் தண்ணிதான்.”

மச்சான் கோப்பையைத் தூக்கிப் பார்த்தார். “அப்ப சீனி கூடுதலாப் போட்டிட்டீங்கள் போல,” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “உள்ளதைச் சொல்லுங்கோ, மச்சான்.”

“வயலை விக்க ஏலாது.”

வாளி இன்னும் என் கையில் இருந்தது. அவர் தேநீரைக் குடித்து முடித்து, காசை வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் அவர் தனியாகவே கட்டடத்துக்கு முற்பணம் கொடுத்தார். நான் பஸ்ஸில் தம்பலகாமம் போனேன். வயல் வரம்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது.