அடிக்காத போனுக்குக் காவல்

நான் பைலட்டுன்னதும் இடி, மின்னல், ஒத்த எஞ்சின்ல இறக்கின கதைன்னு நிமிர்ந்து உட்கார்ந்துட்டீங்களா? சாஞ்சுக்குங்க. இது நான் சோபாவுல ஓட்டின மாசம். போனையே முறைச்சுப் பார்த்து நாளைக் கழிச்சவங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

முதல் விருப்பம்

ஆக்லாந்துல எங்க கம்பெனியில அப்ப விமானம் கம்மி, பைலட்டு ஜாஸ்தி. அடுத்த மாசம் என்ன டூட்டி வேணும்னு நாங்க எழுதிக் குடுக்கணும். சீனியர் கேட்டதுபோகத்தான் மத்தவங்களுக்கு. ரிசர்வ்னா வீட்லயே இருக்கலாம், கூப்பிட்டா ஒன்றரை மணி நேரத்துல ஏர்போர்ட்ல நிக்கணும். ஆளு மிஞ்சிக் கிடக்குறப்ப யாரு கூப்பிடப் போறா? அதனால சீனியருங்க பூரா அதுக்குத்தான் அடிச்சுக்கிட்டாங்க.

எனக்கும் அதுதான் வேணும். பொண்ணு நிலாவுக்கு மாசக் கடைசியில டிரைவிங் டெஸ்ட். அவளோட முக்கியமான நாள்ல எல்லாம் நான் ஏதோ ஊர்ல, ஏதோ ஹோட்டல்ல. மலேசியாக்காரர் ரவி அண்ணன் எனக்கு சீனியர். விஷயத்தைச் சொன்னேன். தன் விருப்பத்தை அழிச்சுட்டு, "நான் பறந்துக்கிறேன்லா. நீ பிள்ளைக்கு மொதல்ல பிரேக்கைக் காட்டு," ன்னார்.

போன் வேலை செய்யுதா?

தினமும் எங்க ஏரியா த்ரீ கிங்ஸ்ல, கடைங்க பக்கத்து கார் பார்க்ல நிலாவுக்குப் பயிற்சி. பின் சீட்ல இஸ்திரி போட்ட யூனிஃபார்ம் தொங்கும், மடியில போன். ரெண்டு வாரம் அது மூச்சே விடலை. கூப்பிடக் கூடாதுன்னு வேண்டினவன்தான். ஆனா கூப்பிடவே இல்லைன்னா எப்படி? நிலா கேட்டா: "யூ மிஸ் இட், டோண்ட் யூ?" இல்லவே இல்லைன்னேன்.

அன்னைக்கே டூட்டி போடுற ஷெரனுக்கு நானே அடிச்சேன். அவ மூக்கால பேசுறதை எல்லா பார்ட்டியிலயும் செஞ்சு காட்டிக் கைதட்டு வாங்குறவன் நான். அவ சொன்னா: "உங்க போன் நல்லாத்தான் இருக்கு, கேப்டன். நாங்கதான் அடிக்கலை."

அழைப்பு

நிலா பாஸ். மறுநாள் காலையில சோபாவுல கிடந்தேன். கம்பெனிக்கும் நான் வேண்டாம், இனி இவளுக்கும் வேண்டாம்.

போன் அடிச்சுது. நம்பர் காட்டலை; கம்பெனி கால் அப்படித்தான் வரும். அதே மூக்குக் குரல்: "கேப்டன், உடனே கிளம்புங்க." டை, தொப்பி, ஓட்டம். வாசல்ல கார் உறுமிக்கிட்டு நிக்குது, ஸ்டியரிங்ல நிலா. "கெட் இன், அப்பா. ஐ'ல் டிராப் யூ."

நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு ஏறப் போனேன். குப்பைத் தொட்டியை உருட்டிக்கிட்டு வந்த பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து பத்மா அக்கா நின்னு பார்த்துட்டு சொன்னாங்க: "தம்பி, கொம்பனி ஒண்டும் கூப்பிடேல்லை. உங்கட மகள்தான் வேலியோட நிண்டு மூக்கால கதைச்சவ."

அந்த மாசம் எனக்கு வந்த ஒரே அழைப்பு, போகாம இருக்க முடியுமா?