வாய் திறக்காத பூரணம் மாமி

1. ஏச்சு வாங்கும் வேலை

தொலைபேசிக் கம்பனி ஒன்றின் முறைப்பாட்டுக் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த இரண்டாவது வேலையும் ஏச்சு வாங்குவதுதான். முன்பு ஆட்கள் நேரே வந்து மேசையில் தட்டி ஏசினார்கள். இப்போது உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருந்து எழுத்தில் ஏசுகிறார்கள். எச்சில் தெறிக்காது என்பது ஒரு முன்னேற்றம்.

திருகோணமலை உட்துறைமுக வீதியில், ஒரு வீட்டின் மேல்மாடியில் எங்கள் கந்தோர். கணினி விளையாட்டுச் செய்யும் கம்பனி என்று பெயர்ப்பலகை பெரிதாகச் சொல்லும். உள்ளே இருப்பது மூன்று பேர். கோபிகா முதலாளி. அன்புவழிபுரத்துப் பிள்ளை, முப்பது வயதுகூட ஆகவில்லை. படம் கீறுவதும் கதை எழுதுவதும் அவள்தான். இம்தியாஸ் கிண்ணியாவில் இருந்து மோட்டார்சைக்கிளில் வந்துபோகும் புரோகிராமர். மூன்றாவது ஆள் றெஜினா என்ற நான். வெளியிடுவதற்கு முன் விளையாடிப் பார்த்துப் பிழை பிடிப்பதும், வெளியிட்ட பின் விளையாடியவர்கள் எழுதும் விமர்சனங்களை வாசித்துப் பதில் போடுவதும் என் பொறுப்பு.

வேலைக்கு எடுத்த அன்று கோபிகா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

“அக்கா, ஆக்கள் ஏசினா உங்களுக்குக் கோவம் வருமோ?”

“வராம என்ன? நல்லா வரும். ஆனா முகத்தில தெரியாது.”

“அது காணும். நாளைக்கு வாங்கோ.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு இந்த வேலை மிகவும் பிடித்துப்போனது. ஓய்வு பெற்று வீட்டில் இருந்த காலத்தில் மச்சாளோடு சேர்ந்து தொலைக்காட்சி நாடகம் பார்த்து, அதில் வரும் மாமியார்களை நேரே பெயர் சொல்லி ஏசத் தொடங்கியிருந்தேன். இங்கே காலையில் வந்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு, திரையில் கூரை கூரையாகப் பாய்ந்தால் சம்பளம் தருகிறார்கள். என் வயதில் வேறு யார் தருவார்கள்?

2. கரண்ட் போச்சு

எங்கள் விளையாட்டின் பெயர் ‘கரண்ட் போச்சு’. பழைய காலத்து விளையாட்டுகளைப் போலக் கட்டம் கட்டமான படம், கீச்சுக் குரலில் இசை. ஒரு துறைமுகப் பட்டினத்தில் மின்சாரம் போய்விடுகிறது. ஏன் போனது என்று கண்டுபிடிக்க, மீட்டர் வாசிக்கும் வதனி என்ற பெண் கிளம்புகிறாள். மதில் ஏறி, கூரை பாய்ந்து, நாய்களுக்குத் தப்பி அவள் பட்டினம் முழுவதையும் சுற்ற வேண்டும்.

இந்த வகை விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. தொடக்கத்தில் போக முடியாத இடங்கள் நிறைய இருக்கும். ஒரு பொருள் கைக்கு வந்தால் அந்த இடங்கள் திறக்கும். வதனிக்குக் கிடைக்க வேண்டிய முதல் பெரிய பொருள் ஒரு சோடி ரப்பர் கையுறை. அதைப் போட்டுக்கொண்டு அவள் மின்கம்பியில் தொங்கியபடியே துறைமுகத்தைத் தாண்டலாம். வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம் என்று முகப்பிலேயே எழுதிப் போட்டிருக்கிறோம்.

கையுறை பூரணம் மாமியிடம் இருக்கிறது. மாமி விளையாட்டுக்குள் வரும் ஒரு வீட்டுக்காரி. வதனி வாசலுக்குப் போனால், “தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?” என்று கேட்பார். திரையில் ‘ஓம்’, ‘வேண்டாம்’ என்று இரண்டு பொத்தான்கள் வரும். பிறகு மாமி கதைப்பார், கதைப்பார், கதைத்துக்கொண்டே இருப்பார். கடைசியில், “இது என்ர மனுசன்ர கையுறை, சும்மாதான் கிடக்குது, கொண்டு போங்கோ” என்று தூக்கித் தருவார். நாங்கள் மூவரும் அந்த வாசலை எத்தனையோ தரம் தாண்டியிருக்கிறோம். ஒருநாளும் தடங்கல் வந்ததில்லை.

3. ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து

விளையாட்டு வெளியானது. தமிழில் வந்த விமர்சனங்கள் வாயெல்லாம் பல்லாக இருந்தன. “நாய் துரத்துற இடம் அச்சொட்டா எங்கட ஒழுங்கைதான்” என்று ஒருவர். “மாமி கதைக்கிறதை நிப்பாட்ட ஒரு பொத்தான் வையுங்கோ, என்ர சொந்த மாமிக்கும் சேர்த்து” என்று இன்னொருவர். கொழும்பில் இருந்து ஒரு சிங்களப் பிள்ளை ஒரே மூச்சில் முடித்துவிட்டு இரண்டாம் பாகம் எப்போது என்று கேட்டாள். தோப்பூரில் இருந்து ஒருவர், “படம் கட்டம் கட்டமாத் தெரியுது, உங்கட பிழையோ என்ர கண்ணாடியின்ர பிழையோ?” என்று கேட்டிருந்தார். அவருக்கு மட்டும் நீளமாகப் பதில் எழுதினேன்.

வெளிநாட்டு விமர்சனங்கள் வேறு விதம். முதலில் இசையைக் குறை சொன்னார்கள். பிறகு வதனியின் பாய்ச்சலைக் குறை சொன்னார்கள். ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் எங்களையே கடித்தார்கள். “இந்த விளையாட்டை முடிக்க முடியாது. செய்தவர்களே முடித்திருக்க மாட்டார்கள்.” “கையுறை எங்கே? பட்டினம் முழுக்கத் தேடிவிட்டேன்.” “இந்தப் பெண்மணிக்கு நான் என்ன தீங்கு செய்தேன்? தேநீர் தந்தார். குடித்தேன். அதற்குப் பிறகு என்னோடு பேசவே மறுக்கிறார்.”

இதை வாசித்து நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். பூரணம் மாமியாவது, பேச மறுப்பதாவது! நான் உடனே விளையாடிப் பார்த்தேன். மாமி கேட்டார், கதைத்தார், கையுறை தந்தார். இம்தியாஸ் விளையாடினான். அவனுக்கும் தந்தார். ‘எங்கள் பக்கம் எல்லாம் சரியாக வேலை செய்கிறது’ என்று பணிவாகப் பதில் போட்டேன். கவுண்டரில் இருந்த காலத்தில் இதே வசனத்தைச் சொல்லித்தான் ஆட்களின் இரத்த அழுத்தத்தை ஏற்றினேன். இங்கேயும் அது ஏறியது. விளையாட்டு விற்கும் இணையக் கடையில் எங்கள் பெயருக்குக் கீழே ‘கலவையான வரவேற்பு’ என்று மஞ்சள் எழுத்து விழுந்தது.

எங்கள் விளையாட்டை வெளியிடும் வெளிநாட்டுக் கம்பனியில் இருந்து ஹெல்கா என்ற பெண்மணி வீடியோ அழைப்பில் வந்தார். நல்ல மனுசி. ஆனால் எதையும் ஒருதரம்தான் சொல்வார், ஒருதரம்தான் கேட்பார். மாதக் கடைசிக்குள் அந்த மஞ்சள் எழுத்துப் போகாவிட்டால் அடுத்த விளையாட்டுக்குத் தங்களால் உதவ முடியாது என்றார். அழைப்பு முடிந்ததும் கோபிகா கதிரையில் சாய்ந்தாள்.

“உதவி இல்லாட்டி கந்தோரை மூடுறதுதான் அக்கா. வேற வழி இல்லை.”

மச்சாளும் நாடக மாமியார்களும் என்னை இரண்டு கையாலும் வா வா என்று கூப்பிடுவது போல் இருந்தது.

இம்தியாஸ் ஒரு வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டான். “அவங்கட கம்ப்யூட்டர்லதான் ஏதோ பிரச்சினக்கா. நம்மட ஆக்கள் ஒருத்தருக்கும் வரல்லியே” என்றான். ஆனால் ஒரே மாதிரிக் கணினியை வைத்திருக்கும் இரண்டு பேரில் இங்கே இருப்பவருக்கு மாமி கையுறை தந்தார், அங்கே இருப்பவருக்கு முகத்தைத் திருப்பினார். மாமி கடவுச்சீட்டைப் பார்த்துத்தான் கொடுக்கிறாரோ என்றுகூட யோசித்தோம்.

4. கீழ்வீட்டு மாஸ்டர்

கந்தோர் இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் கீழே குடியிருக்கிறார். ஓய்வு பெற்ற கணக்கு மாஸ்டர். சலரோகம், சீனி ஆகாது. அவருடைய மனைவி குசினி அலுமாரியில் சீனிப் போத்தலை வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகியிருக்கிறார். ஆகவே பின்னேரம் எங்கள் கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டால் மாஸ்டருக்கு வீட்டுக் கூரை ஒழுகுகிறதா என்று பார்க்கும் அக்கறை வந்துவிடும். மேலே ஏறி வருவார். மழை பெய்கிறதோ இல்லையோ வருவார்.

நம் ஊரில் ஒருவருக்குத் தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் முதல் பதில் ‘வேண்டாம், இப்பதான் குடிச்சனான்’ என்பதுதான். நாக்கு வறண்டு தொங்கினாலும் அதுதான் பதில். இரண்டாம் தரம் கேட்டால், ‘ஏன் கஷ்டப்படுறியள்’ என்பார்கள். மூன்றாம் தரம்தான் கை கோப்பைக்கு நீளும். இந்த ஒழுங்கெல்லாம் மாஸ்டருக்குக் கிடையாது. பந்திக்கு முந்துகிற ஆள்.

அன்றும் வந்தார். நான் ஒரு கையில் அந்த ஏச்சு விமர்சனங்களின் பிரதியும் மறுகையில் கேத்தலுமாக நின்றேன்.

“மாஸ்டர், தேத்தண்ணி குடி...”

“ஓம். சீனி வடிவாப் போடுங்கோ.”

நான் கேத்தலைக் கீழே வைத்தேன். கையில் இருந்த தாளில், ‘தேநீர் தந்தார், குடித்தேன்’ என்று இருந்தது. நாங்கள் யாராவது மாமி கேட்டதும் ‘ஓம்’ என்று சொன்னோமா? நான் சொல்லவில்லை. விளையாட்டுத்தான், மாமி வெறும் கட்டங்கள்தான், தேத்தண்ணீர் தொண்டைக்குள் இறங்கப்போவதும் இல்லை. ஆனாலும் என் விரல் தானாகவே ‘வேண்டாம்’ பொத்தானுக்குத்தான் போனது.

“இம்தியாஸ், மாமி கேட்டா நீ முதல்ல என்ன அமத்துவாய்?”

“வேண்டாம்தான். எடுத்த உடன ஓம் எண்டு எப்பிடிக்கா சொல்ற? ஒரு மரியாதை இல்லியா?”

“கோபிகா?”

கோபிகா வாயில் கையை வைத்தாள்.

மாஸ்டரைக் கதிரையில் இருத்தி, விளையாட்டுப் பிடியைக் கையில் கொடுத்தோம். அவருக்குப் பாயத் தெரியாது. இம்தியாஸே வதனியை மாமியின் வாசல்வரை கொண்டுபோய் விட்டான். “தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?” என்று திரையில் வந்தது. மாஸ்டர் இரண்டு பெருவிரலாலும் ‘ஓம்’ என்பதை அமத்தினார். கோப்பை வந்தது. வதனி குடித்தாள். மாமி வாயை மூடிக்கொண்டார். திருப்பித் திருப்பி அமத்தினாலும் திறக்கவே இல்லை.

“வரல்லக்கா! கையுறை வரல்ல!” என்று இம்தியாஸ் துள்ளினான். கோபிகா என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் விசில் அடித்தேன் என்று பிறகு சொன்னார்கள். நான் நம்பவில்லை.

மாஸ்டர் பயந்துபோனார். “நான் ஒண்டும் உடைக்கேல்லை பிள்ளையள். அவ கேட்டா, ஓம் எண்டன். கேக்கிறது குடுக்கத்தானே? அதில என்ன பிழை?”

பிழை எங்களுடையது. ‘வேண்டாம்’ என்றால் மாமியும் நம் ஊர் வழக்கப்படி மூன்று தரம் கேட்பார். கையுறை தரும் கதையை அந்த மூன்றாம் தரத்தில்தான் இம்தியாஸ் பொருத்தியிருந்தான். முதல் தரமே ‘ஓம்’ என்றால் தேத்தண்ணீரோடு எல்லாம் முடிந்துவிடும். அந்தப் பக்கம் ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் நல்ல வளர்ப்பு. அதுதான் வினை.

5. இன்னும் இரண்டு தரம்

கையுறையை முதல் ‘ஓம்’ சொன்னதுமே தந்துவிடலாம் என்றான் இம்தியாஸ். மாமி சும்மா தூக்கித் தந்தால் நன்றாக இராது என்றாள் கோபிகா. கடைசியில் நான் ஒரு வசனம் எழுதிக் கொடுத்தேன். யாராவது முதல் தரமே ‘ஓம்’ என்றால் மாமி சொல்வார்: “அப்பாடா! ஒரு தரத்தில ஓம் சொல்ற ஒரு மனுசரைக் கண்டிட்டன். கேட்டுக் கேட்டே என்ர வாழ்க்கை போச்சுது. இந்தாங்கோ, இதையும் கொண்டு போங்கோ.”

திருத்திய பதிப்பு போனது. முன்பு ஏசியவர்களே திரும்பி வந்து விமர்சனத்தை மாற்றினார்கள். “மாமி என்னைப் பாராட்டினார். என் சொந்தத் தாய்கூடப் பாராட்டியதில்லை” என்று ஒருவர் எழுதினார். மாதக் கடைசிக்கு முன்பே மஞ்சள் எழுத்து ‘நல்ல வரவேற்பு’ என்று நீலமானது. இப்போது ஏசியவர்கள் நம் ஆட்கள். “நாங்க மரியாதையா வேண்டாம் எண்டனாங்கள். எங்களுக்கு ஏன் பாராட்டு இல்லை?” என்று கேட்டார்கள். அவர்களுக்கும் பணிவாகப் பதில் போட்டேன்.

ஹெல்கா மறுபடி வீடியோ அழைப்பில் வந்தார். அடுத்த விளையாட்டுக்கு உதவி உறுதி என்றார். பிறகு என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார். இனிப் பிழை பிடிக்கும் பகுதியைப் பெரிதாக்கப் போகிறோம். முழுப் பொறுப்பையும் நீங்கள் எடுக்கிறீர்களா?

எனக்கு உள்ளுக்குள் மத்தாப்புக் கொளுத்தியது. முகத்தில் தெரியவில்லை. வாய் தன்பாட்டில் ஆங்கிலத்திலேயே சொன்னது: “ஐயோ, வேண்டாம், வேண்டாம். எனக்கு என்ன தெரியும்? பிள்ளைகள் பார்ப்பார்கள்.”

“சரி, புரிகிறது” என்றார் ஹெல்கா. “உங்கள் முடிவை மதிக்கிறேன். அடுத்த விடயம்...”

கோபிகா என்னைப் பார்த்தாள். நான் கோபிகாவைப் பார்த்தேன். ஹெல்கா அடுத்த விடயத்துக்கே போய்விட்டார். நான் மேசையில் ஓங்கித் தட்டினேன். முறைப்பாட்டுக் கவுண்டரில்கூட அப்படி ஒருவரும் தட்டியதில்லை.

“பொறுங்கோ, பொறுங்கோ! எங்க ஓடுறியள்? நீங்கள் இன்னும் ரெண்டு தரம் கேக்க வேணும்!”

அவசரத்தில் எனக்குத் தமிழ்தான் வந்தது. கோபிகா சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள். ஹெல்கா சிரிக்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்து, முதுகை நிமிர்த்தி, அதே கேள்வியை அதே சொற்களில் மறுபடி கேட்டார். “ஏன் உங்களுக்குக் கஷ்டம்” என்றேன். மூன்றாம் தரம் கேட்டார்.

“ஓம்” என்றேன்.

இந்தத் தொழிலுக்கு வரப்போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். நீங்கள் செய்த ஒன்றை உங்களைப் போன்றவர்களிடமே கொடுத்துப் பார்க்க வேண்டாம். அவர்களும் நீங்கள் போகும் வழியில்தான் போவார்கள். உங்கள் மரியாதை எதுவும் தெரியாத ஒருவரைக் கூப்பிடுங்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பதையும் மறக்காதீர்கள். வேண்டியதை ‘வேணும்’ என்று ஒரே தரத்தில் சொல்லிப் பழகுங்கள். கேட்கிறவர்கள் எல்லாரும் ஹெல்காவைப் போல மறுபடி கேட்க மாட்டார்கள்.